ஸ்லைடின் மறு ஓரம்

அன்புத் தவளைக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் நலமாக இருக்கிறோம். இத்தனை வருடமாக இந்த வரியைக் கை தானாக எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும், இந்த முறை அப்படி இல்லை. சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, பெரிய டாக்டரம்மா பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுகிற நலம் இது. நீயும் அங்கே அதே போல நலமாக இருக்க வேண்டும். குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, தொண்டையைப் பார்த்துக்கொள், ஐஸ் தண்ணீர் குடிக்காதே. உடனே நீ 'எனக்குத்தான் டான்சிலே இல்லையேம்மா, எது வீங்கப் போகுது' என்பாய். சின்ன வயதில் ஆபரேஷன் ஆன நாளிலிருந்து எதைச் சொன்னாலும் உனக்கு இதே பதில்தான். அந்த டான்சிலால் உன் குரல் கரகரவென்று இருக்கப் போய்த்தானே அப்பா உனக்குத் தவளை என்று பேர் வைத்தார். டான்சில் போனது, கரகரப்பும் போனது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அப்பா போனில் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று தெரியும். நான் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், அங்கே வரைக்கும் அவர் சிரிப்பு கேட்டது. 'உங்கம்மா எனக்கு நாள் குறிச்சிட்டா, நான்தான் போகமாட்டேன்னு அடம்பிடிச்சு உக்காந்துட்டேன்' என்றாராம். அவர் சொன்னதில் பாதி கண், காது, மூக்கு வைத்துச் சொன்னது. நடந்ததை நடந்தபடி நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை நான் ஏன் அப்படிப் பேசினேன் என்று நீ கேட்டாய், வெங்காயம் உரிக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். போனில் சொல்லலாம் என்றால் நடுவில் சிரிப்போ அழுகையோ வந்து கெடுத்துவிடும், பக்கத்தில் அவர் வேறு உட்கார்ந்துகொண்டு வரிக்கு வரி திருத்துவார். அதனால்தான் கடிதம்.

அவருக்கு வயிற்று வலி வந்து, குடல்வால் வீங்கியிருக்கிறது என்று அவசர அவசரமாக எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் செய்தது உனக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேருக்கு டிரைவிங் கற்றுக்கொடுத்த மனுஷர் இல்லையா, வலியில் துடித்துக்கொண்டே ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரிடம் 'திருப்பத்துல ஒடிக்காதீங்க, அகலமா வாங்க' என்று பாடம் நடத்திக்கொண்டு போனார். வெட்டி எடுத்த குடல்வால் எங்கள் லேபுக்கு வந்தது. உடம்பிலிருந்து எதை எடுத்தாலும் எங்களிடம் ஒருமுறை வந்துவிட்டுத்தான் போகும், பெரும்பாலும் அதில் ஒன்றும் இருக்காது. இதன் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு மஞ்சள் மணி இருந்தது. எங்கள் லேபின் பெரிய டாக்டரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. நிற்க வைத்துப் பேசி, நிற்க வைத்தே திட்டி அனுப்புகிறவர் அவர், உட்காரச் சொன்னால் என்ன அர்த்தம். அது ஒரு வகைக் கட்டி, புற்றுநோய் என்கிற குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் இந்த வகையில் சாதுவும் உண்டு, முரடும் உண்டு, அந்தச் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று தனிச் சாயம் ஏற்றிப் பார்த்தால்தான் இது எந்த ரகம் என்று தெரியும் என்றார். சாது என்றால் எடுத்ததோடு சரி. முரடு என்றால் மறுபடி வயிற்றைத் திறந்து குடலில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும், மருந்து ஏற்ற வேண்டும், அதற்கு அப்புறமும் ஆண்டவன் விட்ட வழி. இதுவரைக்கும் உன்னிடமும் அப்போதே சொல்லிவிட்டோம்.

இனிமேல் சொல்லப் போவது புரிய வேண்டுமென்றால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் 'எங்கம்மா கேன்சர் கண்டுபிடிக்கிறாங்க' என்று நீ பெருமை அடித்துக்கொள்வாய். நான் எதையும் கண்டுபிடிப்பதில்லை கண்ணு. சதைத் துண்டை மெழுகில் புதைத்து, அந்த மெழுகுக் கட்டியை வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி, சாயம் ஏற்றிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. படித்துச் சொல்வது டாக்டர் வேலை. டாக்டரம்மா சொன்ன அந்தத் தனிச் சாயத்தில் பெருகிக்கொண்டிருக்கிற செல்லெல்லாம் பழுப்பாகும், சும்மா இருக்கிற செல் நீலமாகவே நிற்கும். அப்படியென்றால் எல்லாம் நீலமாக இருந்தால் என்ன அர்த்தம், நோய் சாது என்றா, இல்லை சாயமே பிடிக்கவில்லை என்றா? அந்தச் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒரு ஓரத்தில் நோயாளியின் துண்டையும், மறு ஓரத்தில் வேறொரு துண்டையும் சேர்த்து வைப்போம். நோயில்லாத சதைதான், ஆனால் இயல்பிலேயே மளமளவென்று பெருகுகிற சதை, கட்டாயம் பழுப்பாகும் என்று முன்பே தெரிந்தது. அதைக் கன்ட்ரோல் என்போம். அது பழுப்பாக இருந்தால் சாயம் பிடித்திருக்கிறது, ஸ்லைடை நம்பலாம். டாக்டரிடம் கொடுக்கும் முன் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்புவது என் பொறுப்பு. நோயாளியின் துண்டு இருக்கிற பக்கம் நான் போவதே இல்லை, அது எனக்குத் தேவையுமில்லை.

எங்கள் லேபில் சொந்தக்காரர்களுடைய சதை வந்தால் நாம் தொடக் கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. அதனால் அப்பாவின் கட்டியைச் சீவியதும் சாயம் ஏற்றியதும் எல்லாம் புயல்தான். என் பக்கத்து மேசைக்காரி, நீ பார்த்திருக்கிறாய், அவள் நடந்து வந்தால் மேசையில் இருக்கிற காகிதமெல்லாம் எழுந்து நின்று மரியாதை செய்யும். ஆனால் கத்திக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் மூச்சைக்கூட அளந்துதான் விடுவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்லைடெல்லாம் தயார், டாக்டரம்மா ஏதோ கூட்டம் என்று வெளியூர் போய்விட்டார், திங்கட்கிழமை வந்துதான் படிப்பார். புயல் தன் பிள்ளையைக் கூட்டிவரக் கிளம்பும்போது 'அக்கா, கன்ட்ரோல் மட்டும் பாத்துட்டு டிரேயை மூடி வெச்சிடுங்க. உங்க வீட்டு ஸ்லைடை மட்டும் விட்டுடுங்க, அத நான் வந்து பாத்துக்கிறேன்' என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள். நானும் மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்தேன். கடைசியில் டிரேயில் ஒன்றுதான் மிச்சம். ஸ்லைடில் பேர் இருக்காது, எண்தான் இருக்கும், அந்த எண் எனக்கு நம் வீட்டுக் கதவு எண்ணைவிட நன்றாக மனப்பாடம். தொடாதே என்று சொன்ன பிறகு கை வேறெங்கே போகும். எடுத்து வைத்துவிட்டேன். சின்ன லென்சில் முழுசாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் பெரிய லென்சுக்குப் போக வேண்டும் என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே பெரிய லென்ஸ். வட்டம் முழுக்கப் பழுப்பு. நீலத்தைத் தேட வேண்டியிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. விளக்கை அணைத்து, ஸ்லைடை டிரேயில் வைத்து மூடி, அலமாரியைப் பூட்டி, சாவியைக் காவலாளியிடம் கொடுத்து, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறேன், ஒன்றும் ஞாபகமில்லை.

அந்தச் சனி ஞாயிறை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதே. அவரிடம் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. செய்யத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், அவரைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார், எடுத்து உலர்த்தினேன். டிவியை அலற வைத்தார், சும்மா இருந்தேன். தையல் பிரிக்காத வயிற்றோடு ஸ்டூலில் ஏறிப் பல்பு மாட்டப் போனார், 'இருங்க, நான் பிடிச்சுக்கிறேன்' என்று ஸ்டூலைப் பிடித்தேன். அவ்வளவுதான், மனுஷர் பல்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இறங்கிவிட்டார். என் முகத்தையே பார்த்து 'டாக்டரம்மா ஏதாவது சொன்னாங்களா? காலையிலேருந்து ஒரு திட்டுகூட விழலையே, எனக்குப் பயமா இருக்கு' என்றார். ஒன்றுமில்லை என்று அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஒரு பாட்டம் அழுதேன். அப்போதுதான் நீ போன் செய்தாய். உன் குரலைக் கேட்டதும் அடக்க முடியாமல், வேலையை விட்டுவிட்டு வந்து கொஞ்ச நாள் எங்களோடு இருந்துவிட்டுப் போயேன் என்று உளறிவிட்டேன். நீ எத்தனை பாடுபட்டு அந்த வேலையில் காலூன்றியிருக்கிறாய், நிரந்தரமாகிற நேரம் என்றும் எனக்குத் தெரியும், தெரிந்தும் கேட்டேன். அவர் இருக்கும்போதே நீ ஒருமுறை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு அப்போது இல்லை.

திங்கட்கிழமை டாக்டரம்மா வந்து படிக்க உட்கார்ந்த அறைக்கு வெளியே நான் நின்ற நிலையைப் பார்த்துப் புயலே அன்றைக்கு மெதுவாக நடந்தாள். டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார். மறுபடியும் உட்காரச் சொன்னார். நான் உட்காராமல், 'நான் பாத்துட்டேம்மா, வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன், தப்புதான், எனக்குத் தெரியும்' என்று கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'என்னம்மா தெரியும்?' என்றார். எல்லாம் பழுப்பு என்றேன். உடனே அவர், இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற மைக்ராஸ்கோப்பில் அந்த ஸ்லைடை வைத்து, 'எங்க பாத்தீங்க, காட்டுங்க' என்றார். நான் குமிழைத் திருகி அந்த இடத்துக்குக் கொண்டுபோனேன். அதே பழுப்பு. அவர் லென்சைச் சின்னதுக்கு மாற்றினார். அவ்வளவு பெரிய பழுப்பு வட்டம் சுருங்கி, சதைக்கு நடுவே சின்னப் பொட்டு மாதிரி ஆனது, பக்கத்தில் இன்னொரு பொட்டு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினம் பார்க்கிற கோலம் அது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். டாக்டரம்மா சிரித்தே நான் பார்த்ததில்லை, அன்றைக்குத் தோள் குலுங்கச் சிரித்தார். 'இது டான்சில்மா. கன்ட்ரோலைப் பாத்துட்டா ரெண்டு நாளா அழுதீங்க?' என்றார். வருடக்கணக்காக எந்த ஓரத்துக்குப் போய்ப் பழகிய கையோ, அது அன்றைக்கும் பழகிய ஓரத்துக்கே போயிருக்கிறது. அப்பாவின் பக்கத்துக்கு நான் போகவே இல்லை.

பிறகு அவரே மெல்ல நகர்த்தி மறு ஓரத்துக்குக் கொண்டுபோனார். நீலம் கண்ணு. அத்தனையும் நீலம். கொத்துக் கொத்தாக, அடக்க ஒடுக்கமாக, வம்பு தும்புக்குப் போகாத பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று பழுப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. நூறு செல்லை எண்ணினால் ஒன்று தேறுவதே பெரிது, இருப்பதிலேயே சாதுவான ரகம் இதுதான் என்றார். மணியும் சின்னது, வெட்டிய விளிம்பில் எதுவும் மிச்சமில்லை, ஆகவே மறு ஆபரேஷன் வேண்டாம், மருந்தும் வேண்டாம். 'எடுத்ததே வைத்தியம், முடிஞ்சு போச்சு, வீட்டுக்குப் போங்க' என்றார். வயிற்றில் பால் வார்த்தது போல என்பார்களே, அன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் தெரிந்தது. எழுந்து கும்பிடலாம் என்று நினைத்தேன், ஆனால் அந்த மேசை மேலேயே தலையை வைத்துவிட்டேன். அவர் என் முதுகில் கை வைத்தார்.

அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டியபோது ஆபரேஷன் செய்த டாக்டரும் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இதையேதான் சொன்னார், அவ்வப்போது வந்து காட்டினால் போதுமாம். திரும்பி வரும்போது காரை நான் ஓட்டினேன். அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை ஒவ்வொரு சிக்னலிலும் மிதித்து, தையல் இழுத்து ஐயோ அம்மா என்றார். முப்பது வருடமாக அந்தப் பக்கம் பிரேக் வைத்த வண்டியில் உட்கார்ந்தே பழக்கம், அவர் கால் அவர் பேச்சைக் கேட்காது. என் கையும் அந்த ரகம்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நடந்ததை அவரிடம் வண்டியிலேயே சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலியிலும் சிரித்தார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தின பிறகு இறங்காமல் உட்கார்ந்து, 'ரெண்டு நாள் தனியாவா வெச்சிருந்தே இதை?' என்று கேட்டார். உள்ளே வந்ததும் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார், நான் வாங்கு வாங்கென்று வாங்கினேன், நிம்மதியாகக் கேட்டுக்கொண்டு படுத்தார்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது, அதையும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். அதே டிரேயில் மற்றவர்களுடைய ஸ்லைடுகளும் இருந்தன. அதில் ஒன்று நோயாளியின் ஓரத்திலும் உண்மையாகவே பழுப்பு என்று டாக்டரம்மா சொன்னதாகப் புயல் சொன்னாள். யார் என்று தெரியாது, எண்தான். அந்த வீட்டில் இப்போது குழாயைத் திறந்துவிட்டு அழுகிறவர் யாரோ. ஆனால் முரடு என்று தெரிந்துவிட்டால் அதற்கேற்ற மருந்தைச் சீக்கிரமே தொடங்கலாம், தெரியாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து என்று டாக்டரம்மா அடிக்கடி சொல்வார். முன்பெல்லாம் கைவேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று சீவுவேன். இப்போது ஒவ்வொன்றையும் ஸ்லைடில் ஏந்தும்போது யாரோ ஒருவருடைய திங்கட்கிழமையை ஏந்துகிற பயம் வருகிறது. நல்ல பயம்தான்.

நீ உன் மேலதிகாரியிடம் வேலையை விடப் போவதாகப் பேசிவிட்டாய் என்று அப்பா சொன்னார். முதல் காரியமாகப் போய் அதைத் திருப்பிச் சொல். அம்மா ஸ்லைடைத் தப்பாகப் பார்த்துவிட்டாள் என்று சொன்னால் நம்பமாட்டார்கள், வேறு ஏதாவது காரணம் நீயே சொல்லிக்கொள், அதில் நீ கெட்டிக்காரி. வழக்கமான லீவு வரும்போது வந்தால் போதும். நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா 'பனியில ரோடு வழுக்கும், திடீர்னு பிரேக் போடக் கூடாதுன்னு எழுது' என்று என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார், எழுதிவிட்டேன், போய்ப் படுக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். இனி எழுதப் போவது அவருக்கும் தெரியாது.

நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஆஸ்பத்திரியில்தான் உனக்கு டான்சில் எடுத்தார்கள். நீ ஐஸ்கிரீம் கேட்டு அழுதுகொண்டிருந்தாய், எனக்கு அன்றைக்கு லீவு. அப்போது இருந்த வயதான டாக்டர் வார்டுக்கே வந்து, 'நல்ல சதைம்மா, நோய் எதுவும் இல்லை, வீணாக்க வேண்டாம், லேபுல கன்ட்ரோலுக்கு வெச்சுக்கலாமா?' என்று கேட்டார். சரி என்றேன். சோதனை முடிந்து மிஞ்சிய சதை என்பதால் வழக்கம் குறுக்கே வரவில்லை, மெழுகில் புதைத்தது நான்தான். வளருகிற பிள்ளையின் டான்சில், எத்தனை மெழுகுக் கட்டி, எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. அவற்றைப் போட்டு வைத்த பெட்டி மேலே 'தவளை' என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் ஏனென்று தெரியாமலே 'தவளையை எடுங்க' என்பார்கள், நானும் எடுத்துக் கொடுப்பேன். நாளாக ஆக எனக்கே அது நீ என்பது மறந்துவிட்டது. டாக்டரம்மா டான்சில் என்று சிரித்தபோதுதான் சுரீரென்றது. ரெண்டு நாளாக நான் சாவென்று நினைத்து அழுதது உன்னைப் பார்த்து. பெருகிப் பெருகி வளர்ந்துகொண்டிருந்த உன்னை. அத்தனை பழுப்பும் உன் ஆரோக்கியம்.

டாக்டரம்மா எழுந்து போன பிறகு இன்னொருமுறை உட்கார்ந்து பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லாத அந்தக் கண்ணாடியில் ஒரு ஓரத்தில் அப்பா, மறு ஓரத்தில் நீ. நீ பழுப்பாக இருந்ததால்தான் அவருடைய நீலத்தை எல்லோரும் நம்பினார்கள். பக்கத்தில் வந்து இரு என்று உன்னைப் போனில் கேட்டேனே, நீ வெள்ளிக்கிழமையே வந்து அவர் பக்கத்தில்தான் இருந்திருக்கிறாய். இதை அவரிடம் நான் சொல்லவில்லை, லீவில் வரும்போது நீயே சொல். சிரிக்கிறாரா, என்ன செய்கிறார் என்று பார்ப்போம்.

நோய் நொடி எதுவும் உன் பக்கம் எட்டிப் பார்க்காமல், எடுத்த காரியமெல்லாம் கைகூடி, மனசு நிறைந்து நீ நீடூழி வாழ வேண்டும், எங்கள் ரெண்டு பேருடைய ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு. வெந்நீர் குடி. கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே. டான்சில்தான் இல்லையே என்று இனிமேல் என்னிடம் சொல்லாதே. இருக்கிறது. என் மேசையின் மேல் இழுப்பறையில், இன்னும் ரெண்டு மெழுகுக் கட்டி பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன்னைத் தினம் பார்த்தும் அடையாளம் தெரியாமல் போன
அம்மா